மூன்றாம் வருட நேர்த்தியும் ஒரு தகரத் தவளையும்

என்ரை அண்ணைக்கு,

பாதம் பணிந்து என்று தொடங்கமாட்டேன். பெரியவர்களுக்கு எழுதும்போது அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது எனக்கு மறக்கவில்லை. ஆனால் உன் பாதத்தை நான் ஒருமுறை விழுந்தே பணிந்திருக்கிறேன். அதற்குப் பிறகு நீ நாலு மாதம்கூட இருக்கவில்லை. ஆகையால் உன் பாதத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற உன்னிடம் முழு அன்போடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுகிறேன்.

நீ போய் ஆறு வருடமாகிறது. இங்கே பொருளாதாரத் தடை, மின்சாரமும் இல்லை. சவர்க்காரம் கண்டால் பெருநாள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, நாலு சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கு எரிக்கிறோம். உன் மகன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். உன் மனுசிக்கு, என்ரை மச்சாளுக்கு, முழங்கால் பிடித்துவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குசினிக்குப் போகிறா. நான் பழையபடி புத்தூர்ச் சந்தியில் சட்டை தைக்கிறேன்.

இதெல்லாம் பெரிய செய்தியில்லை. செய்தி என்னவென்றால், நீ மிச்சம் வைத்துவிட்டுப் போன மூன்றாம் வருட நேர்த்தியை இந்த ஆனியில் நான் முடித்துவிட்டேன். செருப்புப் போட்டுக்கொண்டு முடித்தேன். நீ முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சுளி.

உன் மகனை ஆமி பிடித்துக்கொண்டு போய், ஒன்பதாம் நாள் உயிரோடு விட்டபோது நீ வைத்த நேர்த்தி அது. தேர்த் திருவிழா அன்று, தேர் இருப்புக்கு வந்த பிறகு, உச்சி வெயிலில் வெறுங்காலோடு கோயில் வெளிவீதியை மூன்று தரம் சுற்றுவேன், மூன்று வருடம் சுற்றுவேன் என்றாய். ஏன் உச்சி வெயில் என்று நான் கேட்டதற்கு, "நோகாமல் செய்தால் அது நேர்த்தியோ பிள்ளை?" என்றாய். உனக்கு நோகவே இல்லை என்பதுதான் பிறகு வந்த வினை.

முதல் வருடம் இரண்டு கொப்புளம். மஞ்சளை அரைத்துப் பூசிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாய். இரண்டாம் வருடம் அந்த மணல் எப்படிக் கொதித்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. சனம் தண்ணீர்ப் பந்தலிலிருந்து மரநிழலுக்கும், நிழலிலிருந்து வாசலுக்கும் துள்ளித் துள்ளி ஓடியது. நீ மட்டும் மிளகாய்க்குத் தண்ணி பாய்ந்ததோ என்று பார்க்கப் போகிறவன் போல ஆற அமர நடந்தாய். கோயில் காரியங்களைப் பார்க்கிற மணியம் செல்லையர் கையெடுத்துக் கும்பிட்டார். "பாருங்கோ, உவருக்குச் சுடேல்லை. இதுதான் அருள்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் வந்து உன் காலையும் தொட்டார்.

அவரைச் சொல்லி என்ன, நான் என்ன செய்தேன்? தெற்கு வீதி மூலையில், மருதமரத்தடியில், உன் காலில் விழுந்தேன். "அண்ணை, உனக்கு முருகன் பக்கத்திலை நிக்கிறான்" என்றேன். நாலு பேர் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமை. நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய்.

"எனக்கே விளங்கேல்லை பிள்ளை. பஞ்சிலை நடக்கிற மாதிரிக் கிடந்தது" என்றாய்.

பிறகு நேரே கடைத்தெருவுக்குப் போய் எனக்கு ஒரு தகரத் தவளை வாங்கி வந்தாய். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஐம்பது வயதுத் தங்கச்சிக்கு விளையாட்டுச் சாமான் வாங்குகிற தமையன் இந்த ஊரில் நீ ஒருவன்தான். ஒரு வருடம் ஊதுகுழல், ஒரு வருடம் காற்றாடி, அந்த வருடம் பச்சைத் தவளை. வயிற்றுத் தகட்டை அமத்தினால் டிக். என் காதுக்குள் வைத்து அடித்தாய், நான் உன்னைத் துரத்தினேன். அந்த நேரம் உன் உள்ளங்கால் வெந்து தோல் கழன்று கிடந்தது, அண்ணை. நாங்கள் இரண்டு பேரும் தவளையை வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். பாயில் கறை கண்டுதான் மச்சாள் உன் காலைப் பார்த்தா. புண் ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது. நீ அதற்கு மேல் சாக்கைச் சுற்றிக்கொண்டு வெங்காயம் நட்டாய். சண்டை தொடங்கி ஊரடங்குச் சட்டம் போட்டார்கள், ஒருவரும் படலையைத் தாண்டவில்லை. உன்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனபோது முழங்கால் வரை கறுத்திருந்தது. வெட்டினார்கள். அது போதாதென்று நீயும் போய்விட்டாய். ஊர் இன்றைக்கும் சண்டையால் போனாய் என்றுதான் கதைக்கிறது. அருள் கிடைத்த ஆள் என்றும் கதைக்கிறது. இரண்டையும் நானும் நம்பினேன்.

எனக்கும் சலரோகம், அதுதான் சீனி வருத்தம், என்பது உனக்குத் தெரியும். எங்கள் அப்பு எங்கள் இருவருக்கும் சமமாகப் பிரித்துத் தந்த ஒரே சொத்து அது. போன வருடம் ஒரு பின்னேரம், சந்தியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மச்சாள் படலையில் நின்று என் காலைப் பார்த்தா.

"மற்றச் செருப்பு எங்கை?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது, வலது காலில் இல்லை. எங்கே கழன்றது என்று தெரியாது. தார் ரோட்டில் எவ்வளவு தூரம் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தேன் என்றும் தெரியாது. மச்சாள் சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆசுப்பத்திரியில் றெஜினா என்று ஒருத்தி நடை பழக்குகிறா. குருநகர்ப் பெண், வேதக்காரி, நாற்பது வயதிருக்கும், இலேசில் சிரிக்காத முகம். என்னை மர வாங்கில் படுக்கச் சொன்னா.

"கண்ணை மூடுங்கோ அம்மா. காலிலை ஏதும் படேக்கை ஓம் எண்டு சொல்லுங்கோ."

மூடிக்கொண்டு கிடந்தேன். நேரம் போனது. ஆரோ தண்ணி வாளி இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எப்ப பிள்ளை தொடங்கப் போறியள்?"

"முடிஞ்சுது அம்மா. பத்து இடத்திலை தொட்டிட்டன்."

கண்ணைத் திறந்தேன். அவவின் கையில் ஒரு துண்டுத் தங்கூசி இருந்தது. தன் தமையன் மீன்பிடிக்கிற நைலோன் நூலில் வெட்டியதாம். அதன் நுனியை என் காலில் வைத்து அது வளையும் வரைக்கும் அமத்தியிருக்கிறா. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"நடக்கேக்கை எப்பிடி இருக்கும்? பஞ்சிலை நடக்கிற மாதிரியோ?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் எழும்பி உட்கார்ந்துவிட்டேன், அண்ணை. உன் கதை முழுவதையும் சொன்னேன். மணல், மூன்று சுற்று, அருள், நான் காலில் விழுந்தது, எல்லாம். றெஜினா குறுக்கே கதைக்காமல் கேட்டா.

"அருள் இல்லை அம்மா. நரம்பு செத்திருக்கு. சீனி கனகாலமா மெல்ல மெல்லத் திண்டிருக்கு. மணல் அவரையும் சுட்டதுதான். அவருக்குத் தெரியேல்லை, அவ்வளவுதான்."

அன்றைக்கு அந்த வாங்கில் உட்கார்ந்து அழுதேன். என் காலுக்காக அழவில்லை. உன் காலைத் தொட்டுக் கும்பிட்ட எத்தனையோ பேரில் ஒருவராவது, முக்கியமாக நான், அதைத் திருப்பிப் பார்த்திருந்தால் என்ன? குனிந்த நேரத்தில் பார்த்திருக்கலாமே. பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

அழுது முடிய எனக்குக் கோபம் வந்தது. இனி மூலையில் இரு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மச்சாளும் சொன்னா. தையல் மெசினை மிதிக்காதே, சந்திக்குப் போகாதே, காலை நீட்டிக்கொண்டு இரு. நான் காலை நீட்டிக்கொண்டிருந்தால் அடுப்பு ஆர் மூட்டுவது? அதோடு, உன்னைக் கொண்டுபோனது என்னையும் இருந்த இடத்தில் கொண்டுபோகட்டும் என்று விட நான் ஆயத்தமில்லை.

"நான் நடக்க வேணும்" என்று றெஜினாவிடம் சொன்னேன்.

"நடக்கலாம். ஆனால் கால் சொல்லாததை வேறை ஒண்டு சொல்ல வேணும்."

வெளிநாடுகளில் சப்பாத்துக்குள் ஒரு சின்னக் கருவி வைக்கிறார்களாம். கால் ஒரு இடத்தில் கூடுதலாக அமத்தினால் அது சத்தம் போடும். காது கேட்கும், அடுத்த எட்டை ஆள் திருத்தி வைக்கும். கேட்டுக் கேட்டே நடை பழகிவிடுமாம். அதற்குப் பயோபீட்பாக் என்று பெயர். ஒரு பழைய புத்தகத்தில் படம் காட்டினா.

"உங்களிட்டை உது இருக்கோ?"

"இல்லை. இருந்தாலும் பட்டரிக்கு எங்கை போறது? ஒரு டோர்ச் பட்டரியையே உள்ளை விடுறாங்களில்லை."

வீட்டுக்கு வந்து அலுமாரி லாச்சியை இழுத்தேன். ஊதுகுழலுக்கும் காற்றாடிக்கும் இடையில் உன் தவளை கிடந்தது. அமத்தினேன். டிக். அதற்குப் பட்டரி வேண்டாம். எந்தத் தடைச் சட்டத்திலும் தகரத் தவளையின் பெயர் இல்லை.

அடுத்த நாள் கொண்டுபோய் றெஜினாவின் மேசையில் வைத்தேன். அவ அதை எடுத்து ஐந்தாறு தரம் அடித்துப் பார்த்தா. அந்த முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு முதல் வேலையாக என்னை ஏசினா.

"உந்தத் தவளையை அப்பிடியே காலுக்குக் கீழை வைச்சால் உதே புண்ணாக்கும். தெரியுமோ?"

ரயர்ச் செருப்பில் ஒரு சோடி வாங்கினோம். வலது செருப்பின் தடிப்பில், பெருவிரல் மூட்டுக்கு நேர் கீழே குழி தோண்டி, தகட்டை மட்டும் கழற்றி அதற்குள் இறக்கினோம். மேலே சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினோம். கை வைத்துத் தடவினால் ஒரு மேடும் தெரியக்கூடாது. முதலில் நான் சும்மா நிற்கவே டிக் என்றது. றெஜினா இன்னொரு துண்டு ரியூப் வைத்தா, பிறகு இன்னொன்று. அளவுக்கு மிஞ்சி ஊன்றினால் மட்டும் சத்தம் வரும் வரைக்கும் விடவில்லை. ஒவ்வொரு தரமும் நாலு எட்டு நடக்கவிட்டு, காலைத் திருப்பிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்து, புறங்கையால் சூடு பார்த்தா. என் உள்ளங்காலை இவ்வளவு கவனமாக ஒருவரும் பார்த்ததில்லை. பெற்ற அம்மாகூடப் பார்த்திருக்கமாட்டா.

"சத்தம் வராமல் நடவுங்கோ. அவ்வளவுதான் வேலை" என்றா.

அவ்வளவுதான் வேலையாம். ஆசுப்பத்திரி விறாந்தையில் இருபது எட்டு வைத்தால் இருபது டிக். நான் இத்தனை வருடமும் நிலத்தை உதைத்து உதைத்துத்தான் நடந்திருக்கிறேன். எட்டைச் சின்னதாக வை, குதியை முதலில் வை, பாதம் முழுக்கப் பரப்பு, பின்னுக்கு உதைக்காதே. ஐம்பத்தாறு வயதில் நடக்கப் பழகுவது பெரிய பகிடி. சந்தியில் என்னைக் கண்டால், "தவளை வருது, மழை வரும்போலை" என்பார்கள். மழை வந்தால் உங்கடை வெங்காயத்துக்குத்தான் நல்லது என்று சொல்லிவிட்டு நான் என் பாட்டில் டிக் டிக்கென்று போவேன். தை போக, மாசி போக, சத்தம் குறைந்தது. சித்திரையில் சந்தியிலிருந்து படலை வரை மூன்றே மூன்று டிக். என் காலுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, ஆனால் அது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சித்திரையில்தான் மச்சாள் கதையைத் தொடங்கினா.

"வீட்டிலை ஒண்டும் சரிவரேல்லை. உன்ரை அண்ணையின்ரை நேர்த்தி ஒரு வருசம் மிச்சம் கிடக்கு. மகன் தூரத்திலை. என்ரை காலும் ஏலாது. நீதானே ரத்த உருத்து."

"மச்சாள், வெறுங்காலோடை அந்த மணலிலை நடந்தால் நானும் அண்ணையின்ரை வழிதான்."

"அப்ப கிடக்கட்டும் எண்டு விடுறதோ?"

அவ அழுதா. எனக்கும் அதை விட மனம் வரவில்லை. நேர்த்தியில் நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, நீ ஒரு வேலையைத் தொடங்கி நடுவில் விட்டவன் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "போறன். செருப்போடை போறன்."

"செருப்போடை சுத்தினால் நேர்த்தி சேருமோ?"

"சேராட்டில் முருகன் வந்து என்னட்டைக் கேக்கட்டும்."

றெஜினாவிடம் சொன்னபோது, "உங்கடை கோயில் முறை எனக்குத் தெரியாது. மணல் சுடும் எண்டு தெரியும்" என்றா. பிறகு இன்னொன்று கேட்டா: "மேளச் சத்தத்திலை உங்கடை தவளை கேக்குமோ?" அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனால் நீ வைத்த நேரம் தேர் இருப்புக்கு வந்த பிறகு. அளவெட்டி மேளக்காரர் சாப்பிடப் போயிருப்பார்கள். வீதி வெறிச்சோடிக் கிடக்கும். மணலும் அப்போதுதான் உச்சக் கொதியில் இருக்கும்.

அன்றைக்கு றெஜினாவும் வந்தா, அண்ணை. அவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்தா. வந்து, கோயில் மரியாதைக்குத் தன் செருப்பைக் கழற்றி வேலியோரம் வைத்தா. முதலில் என் செருப்பை வாங்கி மணலில் வைத்து, உள்ளே தன் கையை விட்டுச் சூடு பார்த்தா. "ஒவ்வொரு சுத்துக்கும் என்னட்டை வந்து காலைக் காட்டிப்போட்டுத்தான் அடுத்தது" என்றா. சைவக்காரி செருப்போடும் வேதக்காரி வெறுங்காலோடும் நின்ற அந்தக் காட்சியை நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

பாதிச் சுற்றுக்கூட முடியவில்லை, மணியம் செல்லையர் சால்வையை இறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"தங்கச்சி, உதென்ன காலிலை? கழட்டும்."

"கழட்டமாட்டன்."

"வீதி எண்டு தெரியாதோ? உம்மடை தமையன் நடந்த வீதி. அந்த மனிசன் எப்பிடி நடந்தது, நீர் எப்பிடி நடக்கிறீர்?"

நிழலில் நின்ற சனம் முழுக்கப் பார்த்தது. தையற்காரியின் சட்டையில் எப்போதும் ஒரு ஊசி குத்தியிருக்கும். அதை எடுத்து அவரிடம் நீட்டினேன். செருப்பிலிருந்து வலது காலை எடுத்து உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினேன்.

"குத்திப் பாரும். ரத்தம் வரும், நான் முகம் சுளிக்கமாட்டன். அதுவும் அருளோ?"

அவர் ஊசியை வாங்கவில்லை.

"அண்டைக்கு அண்ணையின்ரை காலை நீரும் தொட்டுக் கும்பிட்டனீர். நானும் கும்பிட்டனான். வெந்துபோய்க் கிடந்தது. நீரும் பாக்கேல்லை, நானும் பாக்கேல்லை. நான் சாமியை அவமதிக்க வரேல்லை, செல்லையர். அவன்ரை மிச்சத்தை முடிக்க வந்தனான். என்னையும் காலை வெட்டக் குடுத்தால்தான் இந்தக் கோயிலுக்குப் போதுமெண்டால் சொல்லும், கழட்டுறன்."

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு, "அடுத்த வருசம் உதுக்கு விடமாட்டம்" என்று சொல்லிக்கொண்டு வழியை விட்டார். அடுத்த வருடமும் வருவேன் என்று சொன்னேன். வேண்டுமென்றுதான் சொன்னேன்.

முதல் சுற்று முடிய றெஜினா மணலில் துள்ளித் துள்ளி ஓடிவந்தா. அவவுக்குச் சுட்டது. "ஆக்களுக்கு இப்பிடித்தான் சுட வேணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே என் காலைத் திருப்பிப் பார்த்தா. சிவப்பு இல்லை. இரண்டாம் சுற்று முடிந்தும் சிவப்பு இல்லை. மூன்றாவதையும் முடித்தேன். மச்சாள் திருநீறு கொண்டுவந்து என் நெற்றியில் பூசினா. பிறகு பிடித்த முழங்காலோடு குனிந்து, "காலைக் காட்டு" என்றா.

அடுத்த கிழமை எங்கள் ஊரிலிருந்து ஐந்து பேர் றெஜினாவின் வாங்கில் போய்ப் படுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, ஓம் சொல்லக் காத்துக்கொண்டு கிடந்தார்கள். அதில் ஒருவர் சால்வைக்காரர். பெயரைச் சொல்லமாட்டேன், நீயே பிடித்துக்கொள். தவளைக்கு இனி எங்கே போவது என்று றெஜினா தலையில் கை வைக்கிறா. போத்தல் மூடியிலும் தகரப் பேணித் தகட்டிலும் வளைத்துப் பார்க்கிறோம். நான் ரியூப் வெட்டி ஒட்டுகிறேன். தையற்காரிக்கு அது பெரிய வேலையில்லை.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். மூன்று சுற்றிலும் தவளை ஒரு தரம்கூடச் சத்தம் போடவில்லை. அந்தப் பெரிய வெறும் வீதியில் எவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டு நடந்தேன் தெரியுமா? ஆனால் மூன்றாவது சுற்றில், தெற்கு மூலையில், மருதமரத்தடிக்கு வந்ததும் நின்றேன். நான் உன் காலில் விழுந்த இடம். அங்கே வேண்டுமென்றே, முழுப் பாரத்தையும் போட்டு, வலது காலை ஒருமுறை ஊன்றினேன்.

டிக்.

அது உனக்கு, அண்ணை. ஆறு வருடத்துக்கு முதல் ஒருவரும் உனக்குச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். பிந்திவிட்டது என்று எனக்குத் தெரியும்.

இனி இந்த ஊரில் ஆருக்காவது சுடவில்லை, நோகவில்லை, அருள் என்று ஒருவர் வாயைத் திறந்தால், நான் போய் அந்தக் காலைத் திருப்பிப் பார்ப்பேன். கும்பிட வந்தவர்கள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றாலும் பார்ப்பேன். அடுத்த ஆனியில் நேர்த்தி ஒன்றும் மிச்சம் இல்லை. இருந்தாலும் உச்சி வெயிலில், செருப்போடு, சத்தம் வராமல் வருவேன். மருதமரத்தடியில் மட்டும் காதைக் கொடுத்துக்கொண்டு நில்.

அன்றைக்குக் குனிந்தும் உன் உள்ளங்காலைப் பார்க்காமல் நிமிர்ந்த,
உன் ஒரே தங்கச்சி
பூமணி